பெருக்கித் தள்ளிய வேஸ்ட் ஷீட்

1. சிவப்புக் கம்பளம்

"வேஸ்ட் ஷீட்டெல்லாம் எங்கேங்க?" என்று அச்சகத்துக்குள் நுழைந்ததும் ரேவதி மேடம் கேட்டார்.

"ஒரு தாள்கூடக் கிடையாது மேடம். காலையிலயே லோடு ஏத்தி அனுப்பியாச்சு" என்றேன், மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவன்போல.

மேடத்தின் முகம் வாடிவிட்டது. "நான் பார்க்க வந்ததே அதைத்தான்."

அப்போது நான் கார் வாங்கி, சிவகாசியைச் சுற்றிக்காட்டும் தொழிலுக்கு வந்த புதிது. அதற்கு முன் பத்து வருடம் இதே அச்சகத்தில் பைண்டிங் வேலை. வருகிறவர்கள் பட்டாசு ஆலையைக் கேட்பார்கள். அங்கே வெளியாட்களை விடுவதில்லை, விடவும் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைக் காட்டி, பால்கோவா வாங்கிக் கொடுத்து வண்டி ஏற்றிவிடுவேன்.

மேடம் வேறு ரகம். ஓவியர்களையும் டிசைன் படித்தவர்களையும் ஊர் ஊராக அழைத்துப் போகிறவர். கோயில் வேண்டாம், அச்சகம் போதும் என்றார். பிடித்திருந்தால் வருடம் முழுக்கக் குழுக்கள் வரும். பிடிக்காவிட்டால் காரை விற்றுவிட்டு நான் மறுபடியும் பசை தடவப் போகவேண்டியதுதான்.

விருந்தாளி வந்தால் நாம் என்ன செய்வோம்? பெருக்குவோம். முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அச்சகத்தை அலசிவிட்டு, கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கிய சிவப்புக் கம்பளத்தையும் விரித்திருந்தேன். மேடம் அதன்மேல் நின்றுகொண்டு பஸ் நேரம் பார்த்தார்.

2. மெஷினுக்கு அடியில்

மெஷின்மேன் செல்லையா அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே மாரி, வேஸ்ட் ஷீட்ட பூராம் ஏத்திவிட்டா அடுத்த ஜாப்ப எதுல ஓட்டிப் பாக்க? உன் கல்யாணப் பத்திரிகையிலயா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புது வேலை ஏற்றும்போது நிறம் சீராகும்வரை நல்ல தாளைத் தொடமாட்டார்கள். ஏற்கெனவே அச்சாகிக் கழித்துப்போட்ட பழைய தாளையே திரும்பத் திரும்ப விடுவார்கள். ஒரே தாளில் நாலைந்து வேலை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். பத்து வருடம் அந்தத் தாளில் வடை மடித்துத் தின்றவன் நான்.

அண்ணன் குனிந்து, மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு கட்டுத் தாளை இழுத்தார். என் உத்தரவை மீறி ஒளித்து வைத்தது. மேல் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

காலண்டர் லட்சுமி. அவள் கையிலிருந்து காசுக்குப் பதில் ராக்கெட்டுகள் கொட்டின. கிரீடத்தில் வெடி லேபிள் சேவல் நின்றது. பின்னால் பரீட்சை நோட்டு அட்டையின் பூமி உருண்டை நீலமாகச் சுழல்வதுபோல் இருந்தது. யாரும் வரையாத படம்.

தாளெங்கும் கை துடைத்த மைத்தடம். முகத்தில் மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்லை. மேடம் அடுத்த தாளை எடுத்தார், அதில் முருகன். அவன் முகமும் சுத்தம். கட்டு முழுக்க அப்படியே.

ஏன் என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"சாமி மூஞ்சில எப்படிம்மா கையத் தொடைக்க?" என்றார் அண்ணன். பிறகு அவரும் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இருவது வருசமா நாந்தான் ஓட்டுறேன். இன்னைக்குத்தான் பாக்கேன்."

மேடம் மறுபடியும் முதல் தாளிலிருந்து புரட்டினார். பஸ் போய்விட்டது.

மேடம் அந்த லட்சுமித் தாளை மட்டும் கேட்டார். அண்ணன் தலையாட்டி மறுத்தார்.

"நாளைக்கு ஜாப் ஏத்தணும்மா. இதுமேல இன்னும் என்னென்ன ஏறுமோ. உங்க ஆளுகளக் கூட்டிட்டு வந்து பாருங்க."

"கூட்டிட்டு வரேன்" என்றார் மேடம்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊரை அலங்கரிக்கும் முன், அங்கே வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குழு வரும் நாளில் இப்போதும் நான் முதல் ஆளாக அச்சகத்துக்குப் போய்விடுகிறேன். போனதும் முதல் வேலை, துடைப்பத்தை ஒளித்து வைப்பது.