தண்ணீர் காட்டாத துணி

செய்தி வந்தபோது நான் ஆபீசுக்குக் கிளம்பிச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மாம்பலத்திலிருந்து சைக்கிளில் வந்த ஆள் வாசலில் நின்றபடியே, "தணிகாசல முதலியார் விடியக்காலையில தவறிட்டாருங்க. வீட்டுக்காரர் சொல்லிட்டு வரச் சொன்னாரு" என்றான். என் விரல் மேல் பித்தானிலேயே நின்றுவிட்டது. போன ஆடியில் அது அறுந்து தொங்கியபோது, "கழட்டிக் கொடுங்க சிங்காரம்" என்று பிடிவாதமாக வாங்கித் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஒரு பித்தானுக்கு எவ்வளவு நூல் வேண்டுமோ அதைப்போல நாலு பங்கு நூலைச் செலவழித்திருந்தார். சட்டை கிழிந்து போனாலும் பித்தான் தனியாக நிற்கும் என்று நான் கேலி செய்தேன். அன்று அந்தப் பித்தானைப் போடாமலே மாம்பலத்துக்குப் புறப்பட்டேன்.

துறைமுகத்துப் பக்கம் எங்கள் ஆபீசில் அவரோடு குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி முதலில் ஞாபகம் வருவது அவருடைய கோணல் சட்டைகளாகத்தான் இருக்கும். ஒரு தோள் ஏறியிருக்கும், ஒரு தோள் இறங்கியிருக்கும். காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கும். மனுஷன் கருமி, தையல்கூலி கொடுக்க மனசு வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். கதர்க்காரர்களோடு சேர்ந்துவிட்டார், இனி எல்லாம் தன் கையாலேதான் என்று சிலர் பயந்தார்கள். பெண்சாதி போனதிலிருந்து புத்தி சரியில்லை என்றும் ஒரு பேச்சு இருந்தது. இவர்களில் யாரும் அவரைக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் அவர்கள் குடியிருந்தார்கள். குழந்தை கிடையாது. அவர் மனைவி ஜெகதாம்பாள் கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்று வைத்திருந்தாள். வீடு வீடாக வந்து பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் கற்றுக்கொண்டவள். கல்யாணமான நாளிலிருந்து தணிகாசலத்தின் உடம்பில் தையற்காரனுடைய அளவு நாடா பட்டதில்லை. ஒரு தீபாவளிக்கு அவருக்காக லாங்கிளாத் வாங்கி, துணியின் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்து, சட்டைக்கு வெட்டினாள். அப்போதே அவளுக்கு ஜுரம் கண்டிருந்தது. சாதாரண ஜுரம் என்றார்கள், பிறகு விஷ ஜுரம் என்றார்கள். தீபாவளி வருவதற்கு முன்பே போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு மிஷினுக்குப் பக்கத்தில் அந்தத் துண்டுகளைப் பார்த்தார்: இரண்டு முன்பக்கம், முதுகு, இரண்டு கை, காலர். எல்லாவற்றையும் மடித்துப் பழைய புடவைக் கிழிசலால் கட்டி வைத்திருந்தாள். ஒரு முன்பக்கத் துண்டின் கீழ் ஓரத்தில் மஞ்சள் காய்ந்து அப்பியிருந்தது. விரல் பட்ட இடம் நன்றாகத் தெரிந்தது.

உறவுக்காரர்கள் இரண்டு யோசனை சொன்னார்கள். மறு கல்யாணம் செய்துகொள், துணியைத் தையற்காரனிடம் கொடு. இரண்டுக்கும் வேண்டாம் என்று ஒரே பதில் சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும் காரணம் சொன்னார். "வெட்டினது அவ. அதுல வேற ஒருத்தன் கை படக்கூடாது. நான் கத்துக்கறேன், சிங்காரம்."

நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷன் ஊசியில் நூல் கோக்கப் படும் பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எச்சில் தொட்டு நூலைத் திரித்துத் திரித்து அது சாமரமாகிவிடும். வலது கை மிஷின் பிடியைச் சுற்றும்போது இடது கை துணியைத் தள்ள மறந்துவிடும். இடது கை தள்ளினால் வலது கை நின்றுவிடும். அந்தத் துண்டுகளைத் தொடுவதற்குமுன் பழக வேண்டும் என்று மலிவுத் துணி வாங்கித் தமக்கே சட்டை தைத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். முதல் சட்டையில் இரண்டு கையும் இடது கையாக அமைந்துவிட்டது. இரண்டாவது சட்டையைக் கோட்டு இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு என்னோடு டிராமில் வந்தார். லஸ்ஸில் ஏறியதும் மேலே இருந்த வாரைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். கைப்பக்கம் தோளோடு கழன்று முழங்கையில் வந்து நின்றது. டிராமே சிரித்தது. நானும் சிரித்தேன், யாரால் அடக்க முடியும்? அவர் கழன்ற கையை நிதானமாக உருவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "தப்பாத் தெச்சதைப் பிரிச்சுத் தெச்சுக்கலாம், சிங்காரம். தப்பா வெட்டினாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. அவ வெட்டினதுல தப்பு கிடையாது. தையல் மட்டும்தான் என் பொறுப்பு" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தச் சட்டைகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

கொஞ்சம் கை படிந்ததும், பித்தான் துளைக்குக் காஜா எடுப்பது மட்டும் பிடிபடவில்லை என்று கச்சேரி ரோட்டில் கடை வைத்திருந்த இமாம் சாயபுவிடம் போனோம். சாயபு கோபக்காரர். "எல்லாரும் தானே தெச்சுக்கினா நான் இன்னா பண்றது?" என்று முதலில் சீறினார். கதையைக் கேட்ட பிறகு, நாங்கள் கொண்டுபோயிருந்த துண்டு மூட்டைக்குக் கை நீட்டினார். மூட்டையை அவிழ்த்து ஒரு துண்டை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நைனா, மில்லு கஞ்சி அப்படியே கீது. இது தண்ணி காட்டாத துணி. நனைச்சுக் காய வெச்ச பெறகுல்ல வெட்டணும்?"

"அவளுக்குத் தெரியும், சாயபு. ஜுரத்துல தண்ணில கை வைக்க முடியல. தீபாவளிக்குள்ள முடிக்கணும்னு அப்படியே வெட்டிட்டா."

"அப்ப நான் சொல்றத கேளு. இப்ப நனைச்சேன்னா துண்டெல்லாம் சுருங்கிப் பூடும், உனக்குப் பத்தாது. நனைக்காம தெச்சேன்னா மொதோ தபா தோச்சதும் சுருங்கிடும். எப்படியும் சுருங்கறதுதான். இப்பவே நனைச்சுடு."

"நனைச்சா மஞ்சள் போயிடுமே" என்றார் தணிகாசலம்.

சாயபு அந்த மஞ்சளைப் பார்த்தார். பிறகு துண்டுகளை அவரே மடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, காஜா எடுப்பது எப்படி என்று வேறொரு துணியில் காட்ட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. மூட்டை டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. அவர் மயிலாப்பூர் வீட்டை விட்டு, புதிதாக மனை போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்த மாம்பலத்தில் ஒரு சின்ன இடத்துக்குக் குடிபோனார். அங்கிருந்து மின்சார ரயிலில் ஆபீசுக்கு வர ஆரம்பித்ததில் எங்கள் டிராம் பயணம் நின்றுபோயிற்று. சட்டைகளில் தோள் சமமாயிற்று, காலர் கழுத்தில் உட்கார்ந்தது. புதிதாக ஆபீசில் சேர்ந்தவர்களுக்கு அவர் தாமே தைத்துக்கொள்கிறார் என்பதே தெரியாது. ஆனால் ஆளும் சட்டைக்குள்ளே கரைந்துகொண்டு வந்தார். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற மனுஷனுக்கு எத்தனை நாள் பசிக்கும்?

என் மனைவிதான் அவரைக் கண்டிப்பாள். "அண்ணா, அதத் தெச்சுப் போட்டுக்கோங்க. பொட்டியில வெச்சுப் பூட்டவா அவங்க வெட்டினாங்க?"

"கை இன்னும் சரியா வரலம்மா" என்பார். வந்துவிட்டது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். தைத்து முடித்துவிட்டால் ஜெகதாம்பாள் அவருக்காகச் செய்ய ஆரம்பித்த வேலை ஒன்றும் பாக்கியில்லாமல் போய்விடும். அவருக்கு அதுதான் பயம் என்று நான் நினைக்கிறேன்.

கடைசியில் கண்தான் அவசரப்படுத்தியது. பார்வை மங்கி, மிஷின் ஊசியில் நூல் கோக்க முடியாமல் திண்டாட ஆரம்பித்தார். இன்னும் தள்ளிப்போட்டால் வேறொருவன் கையில் கொடுக்க வேண்டிவரும். "நனைக்காமத் தெச்சு, நனையாமப் போட்டுக்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். அந்தத் தீபாவளியன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அது அவர் உடம்பில் இருந்தது. நல்ல தையல். கோணல் எங்கும் கிடையாது. சட்டைதான் தொளதொளவென்று தொங்கியது. கீழ் ஓரத்தைத் தூக்கி மஞ்சளை என் மனைவியிடம் காட்டினார். பிறகு மார்புப் பக்கத்தைக் கையால் கொத்தாகப் பிடித்துப் பார்த்து, "அவ கண்ணுக்கு நான் இவ்வளவு பெரிய ஆளா இருந்திருக்கேன் பாருங்க" என்றார். என் மனைவி இலை போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வானம் வெளுத்திருக்கிறது என்று நம்பிக் கிளம்பினார். நானும் கூட நடந்தேன். ஆழ்வார்ப்பேட்டை தாண்டும்போது பிடித்துக்கொண்டது. காற்று குடையைத் திருப்பிவிட்டது. ஒதுங்க ஒரு சாத்தின கடையின் இறவாரம்தான் கிடைத்தது. அங்கே நின்றுகொண்டு அவர் மளமளவென்று பித்தான்களைக் கழற்றிச் சட்டையை உருவி, சுருட்டி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சாரல் முதுகெல்லாம் அடித்தது. எலும்பு எலும்பாக இருந்த அந்த முதுகை நான் மறக்கப் போவதில்லை. மழை விட்டதும் சட்டையைப் பிரித்துப் பார்த்தோம். முழுக்க நனைந்திருந்தது. மஞ்சள் மட்டும் கொஞ்சம் கலங்கினாலும் போகாமல் இருந்தது. "இருக்குது, இருக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் நல்ல வெயில். ஈரத்தோடு மடித்தால் துணியில் பூஞ்சணம் பூத்துவிடும் என்று சட்டையை மொட்டைமாடிக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் போய் எடுத்தபோது மஞ்சள் இல்லை. இருந்த சுவடே இல்லை.

நான் வந்து சொன்னபோது என் மனைவி, "ஐயோ, மஞ்சள் கறைய வெயில்ல போட்டா போயிடும்னு யாருக்குத் தெரியாது?" என்று கத்திவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அதைச் சொல்ல அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் கொடியில் போடும்போதே பிடுங்கி நிழலில் போட்டிருப்பாள். அத்தனை வருஷம் தண்ணீருக்குப் பயந்தவருக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவர் அழுததை நான் பார்க்கவில்லை. சில நாள் கழித்து அந்தச் சட்டையோடு ஆபீசுக்கு வந்தார். சாயபு சொன்னபடி சுருங்கியிருந்தது. சுருங்கி, அவருக்கு அளவெடுத்ததுபோல் அமைந்திருந்தது. "அவ அப்ப இருந்த ஆளுக்கு வெட்டினா. மழை இப்ப இருக்கிற ஆளுக்குச் சரி பண்ணிடுச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு மற்றச் சட்டைகளோடு அதையும் துவைத்துப் போட்டுக்கொண்டார்.

நான் மாம்பலம் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உடம்பில் அந்தச் சட்டைதான். குளிப்பாட்டுவதற்காக அவர் தம்பி அதைக் கழற்றினார். விறைத்துப் போன கை வளையவில்லை. நான் கத்தரிக்கோல் எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, கூடப் பிடித்து மெதுவாக உருவிக் கொடுத்தேன். கோடி வேட்டி சுற்றினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற உடம்பில் தையல் போட்ட துணி கூடாது, நம் வழக்கம் அப்படி. சொல்லியனுப்பியதில், மயிலாப்பூரிலிருந்து இமாம் சாயபு வந்து தெருவில் நின்றுகொண்டிருந்தார். தோளில் ஒன்றும் இல்லாமல் வேட்டியோடு கொண்டுபோவதைப் பார்த்து, "எங்களுக்கும் அப்படித்தான் நைனா, கடைசித் துணியில தையல் கெடயாது" என்று என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கழற்றிய சட்டையைத் தம்பியிடம் கேட்டு வாங்கி வந்தேன். என் மனைவி அதை நனைக்க எடுத்துப் போனவள் கிணற்றடியிலிருந்து திரும்பி வந்து, கீழ் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மஞ்சள் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை நூலில் வட்டமாகச் சின்னச் சின்னக் கைத்தையல். இடம் தவறிவிடக்கூடாது என்று போட்டிருக்கிறார். கண் தெரியாத காலத்துத் தையல், இரண்டு இடத்தில் விலகியிருந்தது.

அவள் உள்ளே போய்க் கொஞ்சம் மஞ்சள் குழைத்து வந்து, அந்த வட்டத்துக்குள் தொட்டு வைத்தாள். அவரிடமிருந்து எங்களுக்கு மிஞ்சியது அந்தச் சட்டைதான். எங்கள் பெட்டியில் அடியில் வைத்திருக்கிறோம், வெயில் படாமல்.