ரப்பர் படாத தண்ணீர்

வலது கையில் பிப்பெட். இடது கை, குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டின் மூடியை ஒரு விரற்கடை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தது. திரவம் குழியின் சுவரோரமாக மெதுவாக இறங்கியது. நேராக விட்டால் அடியில் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் பெயர்ந்துவிடும். பன்னிரண்டு குழிகளும் நிறையும்வரை அந்தக் கைகள் அவசரப்படவில்லை.

ஆய்வகத்தில் அவர் பெயர் கண்ணாடியக்கா. பத்தொன்பது வருடங்களுக்கு முன் குடுவை கழுவும் வேலைக்கு வந்தவர். பக்கத்து மேசையில் நடப்பதைப் பார்த்துப் பார்த்தே உயிரணு வளர்க்கக் கற்றுக்கொண்டார். தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டதில்லை. தெரிந்ததையும் ஒருமுறைக்கு இருமுறை செய்வார். வினை அங்கேதான் இருந்தது.

ஆராய்ச்சி மேடம் இரண்டு வருடமாகத் துத்தநாகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது குறைந்தால் உயிரணு பெருகாது. ஆக்சிஜனால் உள்ளே உண்டாகும் சேதத்தையும் தாங்காது. அளவுக்கு மீறிக் கொட்டினாலும் சேதம்தான். சேதப்படும் உயிரணு, சாயம் போட்டால் பச்சையாக ஒளிரும். ஆனால் துத்தநாகமே சேர்க்காத வரிசை ஒவ்வொரு முறையும் கொழுகொழுவென்று வளர்ந்தது. பச்சை மருந்துக்கும் இல்லை.

"வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள வித்தியாசம் தெரியலைன்னா இதை மூட்டை கட்டிடலாம்," என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியக்காவின் வீட்டுக்குத் தம்பி வந்தான். ரப்பர் வளையங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. குக்கருக்குப் புது வளையம் கொண்டுவந்து மாட்டிக்கொண்டே, பழையதைத் தூக்கிக் காட்டினான்.

"இதை வச்சா இத்தனை நாள் சமைச்சே? எல்லாம் வெந்து வெளிய வந்திருக்கும்."

"எதுடா வெளிய வந்திருக்கும்?"

"துத்தநாகப் பொடிதான். அது போடாம ரப்பர் பதத்துக்கு வராதுக்கா. ஆவியில வேக வேகக் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். பயப்படாத. உள்ள போனா நீ இன்னும் ரெண்டு அங்குலம் வளருவ."

"வாயை மூடிட்டு வளையத்தை மாட்டு," என்றவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

உயிரணுக்களுக்கான கரைசலில் கலக்கும் தண்ணீரை அவரே கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, ரப்பர் அடைப்பான் மாட்டி, அழுத்த நீராவியில் வேகவைப்பார். ஒருமுறை போதும். அவர் இரண்டுமுறை வைப்பார்.

திங்கட்கிழமை காலை மேடம் பையை வைப்பதற்குள் முன்னால் போய் நின்றார்.

"தப்பு என்னோடது மேடம். தண்ணியிலேயே துத்தநாகம் இருக்கு. ரெண்டு தடவை வேகவச்சதுல ரப்பர்லேர்ந்து இறங்கியிருக்கு."

மேடம் பையை மேசைமேல் வைத்தார். பிறகு, "ரெண்டு தடவை வேகவைக்கச் சொன்னது யாருக்கா?" என்றார்.

"யாரும் சொல்லல. சுத்தமா இருக்கட்டும்னு நானேதான்."

"வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு."

"தண்ணிக்கு ஒரு நாள், செல்லுக்கு மூணு நாள். சரியா இருக்கும்."

அன்று முழுவதும் அவர் உட்காரவில்லை. ரப்பர் அடைப்பான்களை ஒரு வாளியில் போட்டு வராந்தாவில் வைத்தார். ரப்பர் கையுறைகளும் அதோடு போயின. பிளாஸ்டிக் புட்டிகளை அமிலத்தில் ஊறவைத்து அலசினார். புதிதாக வடித்த தண்ணீரில் கரைசலைக் கலந்தார். உயிரணுக்களைத் தட்டில் இட்டு ஒட்டவிட்டார். செவ்வாய் காலையில் பன்னிரண்டு குழிகளையும் புதுக் கரைசலால் நிரப்பினார். முதல் வரிசைக்குத் துத்தநாகம் கிடையாது. நடு வரிசைக்கு அளவோடு. கடைசிக்கு அளவு மீறி.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் தட்டை வெளியே எடுப்பதில்லை என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயம் போட்டு முதலில் அவரே பார்த்தார். பார்த்ததை நோட்டில் எழுதினார்: முதல் வரிசை, அங்கொன்றும் இங்கொன்றும், பச்சை. நடு வரிசை, நெருக்கம், இருட்டு. கடைசி வரிசை, சுருங்கி உதிர்ந்தவை, பச்சை. பேனாவை மூடி வைத்துவிட்டு, வரிசைகளின் மேல் எழுதியிருந்த அளவுகளைக் காகித நாடா ஒட்டி மறைத்தார்.

நுண்ணோக்கி அறையில் துறைத் தலைவரும் மேடமும் காத்திருந்தார்கள்.

"என்னக்கா, எழுதினதையெல்லாம் மறைச்சிருக்கீங்க?" என்றார் தலைவர்.

"எந்த வரிசைக்கு எவ்வளவு துத்தநாகம்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்," என்று சொல்லி, தட்டை இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தார்.