அந்தத் திருப்பத்தில் மட்டும் தூக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை ஏரியூரில் ஒரு கல்யாணம். காலை ஏழு மணிக்கே பாப்பாரப்பட்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றது அந்தப் பழைய வெள்ளைக் கார். முன் சீட்டில் எம்.எல்.ஏ.

முன்னாள் எம்.எல்.ஏ. என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து முறை ஜெயித்தவர். இந்த முறை கட்சி வேறு ஆளுக்கு சீட் கொடுத்துவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் யாரும் 'முன்னாள்' சேர்த்துக் கூப்பிடுவதில்லை. பெயரைச் சொன்னால்கூட 'யாரு அது?' என்பார்கள். எம்.எல்.ஏ. என்றால் அவர்தான். புதிதாக ஜெயித்தவருக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். என்ன செய்வது?

"ஏறுங்க எழுத்தாளரே. பின்னாடி கால நீட்டிக்கிட்டு உக்காருங்க."

ஏறினேன். டிரைவர் கோவிந்தசாமி வண்டியை எடுத்தார். இருபத்திரண்டு வருடமாக அவர்தான் டிரைவர். பதவி போனதும் கூட இருந்த கும்பல் நாலே நாளில் கலைந்துவிட்டது. கோவிந்தசாமி மட்டும் கலையவில்லை.

இந்தப் பத்தியை ரொம்ப நாளாக வாசிப்பவர்களுக்கு அந்த முன் சீட் ஞாபகம் இருக்கலாம். அதைப் பற்றி ஒருமுறை உருகி உருகி எழுதியிருக்கிறேன். எம்.எல்.ஏ. காரில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணோடு, கடந்து போகிற ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒரு பள்ளத்தில் கார் இறங்கி ஏறினால் ஒரு ஊர். அடுத்தடுத்து இரண்டு வேகத்தடை என்றால் இன்னொரு ஊர். புளியமர நிழல் முகத்தில் விட்டுவிட்டு விழுந்தால் வேறொரு ஊர். தப்பவே தப்பாது. 'தொகுதியை உடம்பால் அறிந்தவர்' என்று எழுதியிருந்தேன். அதைக் கத்தரித்து லேமினேட் செய்து ஆபீஸில் மாட்டியிருந்தார்.

ஏரியூர் போகும் வழியில், ஈச்சமரத்துக்கொட்டாய்க்கு மண்பாதை பிரிகிற ஒரு திருப்பம் வரும். ஊர் சொல்லும் வாய் அங்கே மட்டும் ஓய்ந்துவிடும். தலை சாய்ந்து, சின்னதாகக் குறட்டை கேட்கும். கோவிந்தசாமியும் அந்த இடத்தில் ஹாரன் அடிக்க மாட்டார். நான் அதையும் விடாமல் எழுதியிருந்தேன் — 'உழைப்பின் அசதி' என்று. எழுத்தாளனுக்கு ஒரு சொற்றொடர் கிடைத்துவிட்டால் போதாதா?

ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஜன்னல் வழியே இளங்காற்று. தூரத்து மலை மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி பனி. ராகி அறுத்த வயல்கள் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவர் கண்மூடி ஊர்களைச் சொல்ல, எனக்கும் இமை கனத்தது. முழித்திருக்கிறேனா, கனவில் போகிறேனா என்று தெரியாத ஒரு சுகம்... அந்தக் குரல் ஊர்ப் பெயர்களால் என்னைத் தாலாட்டிக்கொண்டே வந்தது.

பென்னாகரம் தாண்டியதும் குரல் தடுமாறியது. அங்கே புதுசாகத் தார் போட்டிருக்கிறார்கள். வேகத்தடை இல்லை, பள்ளம் இல்லை. கார் தண்ணீரில் போவது போலப் போனது.

"கோவிந்தா, எங்கடா போறோம்? ஒண்ணும் தட்டுப்படல." மூடிய கண்ணோடு கொஞ்ச நேரம் காத்திருந்தார். "சரி... தாண்டியிருப்போம்."

கண்ணைத் திறந்தார்.

தாண்டவில்லை. மிகச் சரியாக அந்தத் திருப்பத்தில் இருந்தோம். ஒரு ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் காரும் நின்றுவிட்டது. ஓரத்தில் காலி பால் கேனோடு ஒரு அம்மாள். சொசைட்டி வண்டிக்குப் பால் ஊற்றிவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். அறுபது வயது இருக்கும். காருக்குள் குனிந்து பார்த்தவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அட! முழிச்சிருக்கறீங்களா?"

எம்.எல்.ஏ. கண்ணாடியை இறக்கினார்.

"என்னைத் தெரியலீங்களா? மாதம்மா. ஈச்சமரத்துக்கொட்டாய். மொத எலெக்சன்ல எங்கூட்டு வாசல்லதான் நின்னு பேசுனீங்க. ரோடு போட்டுத் தரேன்னீங்களே."

"தெரியுதும்மா."

"அப்புறம் பேசவே வாய்க்கலீங்க. எப்ப வண்டி வந்தாலும் நீங்க அசந்து தூங்கிட்டு இருப்பீங்க. நாலு பேருக்கு ஒழைக்கற மனுசன், எழுப்பாதீங்கடான்னு சொல்லிப்புடுவேன். எங்க ஊர்ல ஒருத்தரும் உங்க வண்டிக்குக் கையக் காட்ட மாட்டாங்க."

ஆடுகள் போய்விட்டன. கோவிந்தசாமி வண்டியை எடுக்கவில்லை.

மாதம்மா குறையாக எதுவும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரரிடம் சொல்வது போல அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கூட்டுக்காரரு கரண்ட் மோட்டார் கெணத்துல உழுந்துட்டாரு பாருங்க, அன்னைக்குங்கூட இங்கதான் கட்டிலோட கொண்டாந்து வெச்சிருந்தோம். மேல வண்டி எதுவும் வராதுங்களே. அப்ப உங்க காரு வந்துச்சு. நீங்க நல்ல தூக்கம். சரி போவட்டும்னு உட்டுட்டோம். அரை மணி கழிச்சு ஒரு பால் வண்டி வந்துச்சு, ஏத்தி அனுப்புனோம். பொழைச்சுக்கிட்டாருங்க. ஒரு காலு மட்டும் இழுக்குது."

கோவிந்தசாமி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்றைக்குக் கட்டிலைப் பார்த்திருக்கிறார். முகத்தில் தெரிந்தது. அந்தக் காரின் பின் சீட்டில் நான் இருந்தேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்... ஞாபகம் வரவில்லை. இருந்திருக்கலாம்.

எம்.எல்.ஏ. கதவைத் திறந்து இறங்கினார்.

"மாதம்மா, நான் தூங்கல. ஒரு நாளும் இந்த இடத்துல நான் தூங்குனதில்ல. உங்க மூஞ்சியப் பாக்க முடியாம கண்ண மூடிக்குவேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "சும்மா சொல்லாதீங்க. கொறட்டை உடுவீங்களே, என் காதால கேட்டிருக்கறேன்."

மனதில் இருந்ததை இத்தனை வருடம் கழித்து ஒரு மனிதர் சொல்கிறார். நம்ப ஆள் இல்லை!

"வூடு எவ்வளவு தூரம்?" என்றார் எம்.எல்.ஏ.

"மூணு கிலோமீட்டருங்க. காரு ஏறாது."

"நடக்கலாம் வாங்கம்மா."

நடந்தோம். எழுபத்தைந்து வயதுக்காரர் முன்னால், நான் பின்னால், காலி பால் கேன் நடுவில். முகூர்த்த நேரம் பற்றி யாரும் பேசவில்லை. பாதை முழுக்கச் சரளைக் கல். இரண்டு பக்கமும் உசிலை மரமும் முள்ளும். காட்டுப் பூ வாசனை வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு இடத்தில் வனத்துறையின் எல்லைக் கல் நட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார்.

"இந்தக் கல்லுல இருந்து அரை கிலோமீட்டர் ஃபாரஸ்ட்டும்மா. அவங்க ஒத்துக்கல. நாலு தரம் எழுதிப் பாத்தேன். ஒரு தரம் சட்டசபையில எந்திரிச்சுக் கேட்டேன். பரிசீலனையில் இருக்குன்னு பதில் வந்துச்சு. அதை வந்து உங்ககிட்டச் சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

மாதம்மா நின்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அதை வந்து சொல்லியிருக்கலாமுங்களே. நாங்க என்ன, அடிச்சா போடப் போறோம்? எங்களுக்காவ ஒருத்தர் கேட்டாருன்னு இருந்திருக்குமுல்ல."

எம்.எல்.ஏ. கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.

எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு பாலம் கட்டினால் திறந்து வைக்க மேடை உண்டு, மைக் உண்டு, மாலை உண்டு. 'முடியலைங்க' என்று வந்து சொல்வதற்கு மட்டும் நாம் ஒரு மேடை போட்டு வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ பெரிய மனிதர்கள் காரில் தூங்குகிறார்கள்.

வீட்டில் மாதம்மாவின் கணவர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். எம்.எல்.ஏ. அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். நீர்மோர் வந்தது. கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. அந்த இழுக்கிற காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

"ரொம்ப தூரம் நடந்துட்டாரு பாவம், வேர்த்துக் கொட்டுது" என்று மாதம்மா விசிறி எடுக்க உள்ளே போனார்.

கல்யாணத்துக்குப் போய்ச் சேரவில்லை. அங்கிருந்தே திரும்பிவிட்டோம். காருக்கு வந்து கிளம்புவதற்கு முன் எம்.எல்.ஏ. முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை அகலத் திறந்து, அந்த மண்பாதை போகிற திசையைப் பார்த்தார்.

"கோவிந்தா, ஹாரன் அடி."

கோவிந்தசாமி அடித்தார். கார் திருப்பத்தைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகும் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

பின் சீட்டில் எனக்கு மட்டும், ஏனோ, தூக்கம் வருவது போல இருந்தது.