காயமா, பிறவியா

பழைய மாட்டு மண்டை எது கையில் கிடைத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பேன். ஆயிரக்கணக்கான வருஷப் பழமையான ஊர் ஒன்றைத் தோண்டியபோது கிடைத்த எருதுகள் சிலவற்றின் பிடரி எலும்பில், கொம்புக்குக் கீழே, சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. நுகத்தடி அழுத்தி வந்தவை என்றார் என் ஆய்வு வழிகாட்டி. பிறவியிலேயே வந்தவை என்றேன் நான். புனேயில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அந்த நாட்களில் இதற்காக அவரோடு மேஜையைத் தட்டிச் சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு வாய் அதிகம்.

நுகமே பார்க்காத பொலிகாளைகளிலும் அந்தத் துளை இருந்தால் நான் சொல்வதுதான் சரி. தளேகாவ் பக்கம் செத்த மாடுகளின் எலும்பை அரைத்து உரமாக்கும் மில் ஒன்று இருந்தது. அங்கே ஒதுக்கி வைத்திருந்த பொலிகாளை மண்டைகளை ஏற்றிவர புனேயின் கோர்படிப் பகுதியிலிருந்து ஒரு டெம்போக்காரரைக் கூட்டிப்போனேன். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூட்டை கட்டும்போது ஒரு மண்டையின் துளையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, காயமா?"

"காயம் இல்லங்க. பொறவி."

திரும்பும் வழியில் டீக்கடை முன்னால் ஏழெட்டுப் பேர் வண்டியை மறித்தார்கள். தார்ப்பாய் விலகிக் கொம்பு தெரிந்திருக்கிறது. ஒருவன் மண்டையொன்றை எடுத்து, துளையைக் காட்டி, ஆணி அடித்துக் கொன்றிருக்கிறீர்கள் என்று மராத்தியில் கத்தினான். நானும் விடவில்லை. "பைல், பைல்" என்றேன். காளை, தானாகச் செத்தது, ஆராய்ச்சிக்கு. அடையாள அட்டையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். கொஞ்சம் தணிந்தார்கள். ஒருவன் அட்டையை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் ஆரம்பித்தான்.

அப்போதுதான் டெம்போக்காரர், பயத்தில், என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "அக்கா, அது காயம் இல்லன்னு சொல்லுக்கா. காயம் இல்ல, காயம் இல்ல."

'காயம்' என்பதில் அவர்களுக்குக் கேட்டது 'காய்'; மராத்தியில் பசு. மற்ற எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை.

முதல் அடி அவர் வாயில் விழுந்தது. கீழே இழுத்துப் போட்டு, அவர் வண்டியின் ஜாக்கி ராடை எடுத்தே தாடையில் அடித்தார்கள். பல் தெறித்ததைப் பார்த்தேன். விழுந்தவரின் விரல்களைச் செருப்புக்காலால் நசுக்கினார்கள். ஒருவன் கொம்போடு ஒரு மண்டையைத் தூக்கி அவர் நெஞ்சில் போட்டான். நான் ஒரு தாடையெலும்பை எடுத்துக் கைக்கெட்டியவன் முதுகில் ஓங்கி அடித்தேன். அவன் திரும்பி, என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, "தாயி, பாஜூலா வ்ஹா" என்றான். அக்கா, ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று, மரியாதையாக. அவர் உடம்பில் விழுந்த அடியில் ஒன்றுகூட என் மேல் விழவில்லை. அந்த வழியாக வந்த போலீஸ் வேன் நின்றிராவிட்டால் அவரைக் கொன்றே போட்டிருப்பார்கள்.

உயிர் பிழைத்தார். தாடைக்குக் கம்பி வைத்துக் கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போன இரண்டு தடவையும் அவர் மனைவி என்னை உள்ளே விடவில்லை.

ஒரு வருஷம் கழித்து புனே கேம்ப் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். முகம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது மகள். ஓடிப்போய், "எப்படி இருக்கீங்க?" என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆப் கோன், மேடம்?" என்றார். யார் நீங்கள் என்று.

"இவங்க யாருப்பா?" என்றது குழந்தை.

பளாரென்று அதன் வாயில் அறைந்தார். "ஹிந்தி மே போல்."

குழந்தை அழவில்லை. உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அதே கேள்வியை இந்தியில் கேட்டது.