செக்கிங் சித்ரகலாவின் கல்வட்டங்கள்

"இது போன வாரம் இங்க இல்லீங்க, நகர்ந்திருக்குது" என்று குனிந்து, கல்லின் மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுகிறார் சித்ரகலா. பனியன் கம்பெனியில் தையல் பிசகிய இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அதே ஸ்டிக்கர். இருபது வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்பவர். ஞாயிறு விடிந்தால் முதலிபாளையத்துக்குத் தெற்கே உள்ள இந்த மேய்ச்சல் புறம்போக்குக்கு வந்துவிடுகிறார்.

பதினொரு கல்வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மண்ணும் சிறுகல்லுமாக ஒரு மேடு. இரும்புக் காலத்து மனிதர்கள் தங்கள் இறந்தவர்களை வைத்து மூடிய இடம். ஆறு மனு எழுதி, வியாழக்கிழமை வந்து அளப்பதாகத் தொல்லியல் துறையிடம் பதில் வாங்கியிருக்கிறார். அதுவரை அஸ்திவாரத்துக்கென்று யாரும் கல்லை அள்ளிவிடக் கூடாது.

"எல்லாவற்றையும் பத்திரமாக மியூசியத்தில் வைத்துவிட்டால்?" என்று மேதாவி போலக் கேட்டேன்.

"சட்டையிலிருந்து கையப் பிரிச்சுத் தனியா வெச்சா அது சட்டைங்களா?"

குட்டு வாங்கிக்கொண்டேன்.

பழம்பெருமை எதுவும் அவர் பேச்சில் வராது. பேய் இருக்கிறதென்று கிளப்பிவிட்டால் ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள் என்று ஊரில் யோசனை சொன்னார்களாம். "பொய் சொல்லிப் பாஸ் பண்ண மாட்டனுங்க" என்றுவிட்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் உள்ளூர்க்காரர் தங்கதுரை, கல் ஏற்றத்தான் வந்திருந்தார். சித்ரகலா நேரே போய் முன்சக்கரத்தின் எதிரில் நின்றார்.

"ஒரு கல்லும் போகாதுங்க தம்பி. வியாழக்கெழம ஆபீசருங்க வர்றாங்க."

தங்கதுரை இன்ஜினை அணைக்காமலே சிரித்தார். "ஏனுங்க்கா, உங்க ஊட்டுத் துவைக்கற கல்லு எங்கிருந்து வந்துச்சுங்க? எங்கய்யன்தான் வண்டி கட்டி உங்க மாமனாருக்குக் கொண்டாந்து போட்டாரு. இதா, இந்தக் குழியில இருந்து."

சித்ரகலாவின் முகம் செத்துப்போனது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில்தான் துணி துவைக்கிறார். எனக்கே பாவமாக இருந்தது, இனி எந்த வாயால் மறிப்பார் என்று. அவர் வட்டத்தில் கல் பெயர்ந்துபோன அந்தக் குழியருகே உட்கார்ந்து முழம் போட்டுப் பார்த்தார். துவைக்கிற கல்லின் அளவு பிசகவில்லை.

எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காலி டிரெய்லரில் ஏறி நின்றார்.

"ஊட்டுக்கு விடுங்க தம்பி. அதைய ஏத்தீட்டு வந்து இங்கயே எறக்கோணும்."

தங்கதுரை திரும்பி என்னைப் பார்த்தார். சித்ரகலா டிரெய்லர் தகட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.