சாவிக்காரர் சொன்ன பதில்

சாவிக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. முப்பது வருஷமாகப் பக்கத்துக் கடையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த தையல்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, "என்னோடதுல ஒண்ணை எடுத்துக்கடா" என்று முந்திக்கொண்டதும் அந்த வாய்தான். ரத்தம் பொருந்தியது. ஆனால் சொந்தக்காரர் அல்லாதவர் கொடுப்பதென்றால் அரசுக் குழு ஒன்று அனுமதிக்க வேண்டும். பாசத்தில் கொடுக்கிறாரா, விலைக்கு விற்கிறாரா என்று அது விசாரிக்கும்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். "எதுக்காகக் கொடுக்கறீங்க?" என்றார் தலைவர். சாவிக்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் அவருக்குக் கேலிதான் வரும்.

"பூட்டுக்கு ரெண்டு சாவி இருக்குங்க. ஒண்ணைச் சிநேகிதனுக்குக் கொடுத்துட்டா என் வீடு திறக்காதா என்ன?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பத்து நாளில் ஒற்றை வரி வந்தது: கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

வழக்குப் போட்டார்கள். காரணம் சொல்லாத உத்தரவு செல்லாது என்று நீதிபதி அதை ரத்து செய்தார். சாவிக்காரருக்குக் கோர்ட் வராந்தாவிலேயே கண் கலங்கிவிட்டது.

"அப்போ நாளைக்கே ஆபரேஷன்தானேம்மா?"

"இல்லண்ணே," என்றார் வக்கீலம்மா. "அனுமதி கொடுக்கிறது கோர்ட்டோட வேலை இல்ல. அவங்க முறையா முடிவெடுத்தாங்களான்னுதான் பார்க்கும். மறுபடி அந்தக் குழுகிட்டதான் போகணும். அவங்க முடிவு சொல்ல ஆறு வாரம் கெடு."

"தப்பு பண்ணினவங்ககிட்டயேவா?"

"அவங்ககிட்டயேதான்."

இந்த முறை குழு முன்னால் அவர் வாயைக் கட்டிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தன் கேலிதான் காரியத்தைக் கெடுத்தது என்று அவருக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. "என்னடா, ஊமையாயிட்டியாமே?" என்று படுக்கையிலிருந்து தையல்காரர் சீண்டினார். ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை காலையில் தையல்காரர் கண்ணை மூடிவிட்டார்.

ஆறாவது வாரம் உத்தரவு வந்தது. கெடு தவறவில்லை. கோர்ட் சொன்னபடியே காரணங்களோடு நான்கு பக்கம். தையல்காரர் மனைவிதான் படித்துப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க சொன்னது இதுல இருக்கு."

முதல் விசாரணையில் அவர் சொன்ன சாவிப் பேச்சை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். விலை பேசுகிறவர் இப்படிப் பேச மாட்டார். பாசம் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது. எனவே அனுமதி வழங்கப்படுகிறது.

சாவிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதத்தானே தங்கச்சி நான் அன்னைக்கே சொன்னேன்" என்று விம்மி விம்மி அழுதார்.