கேட் வரை போய்த் திரும்பியவள்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்தப் பெண்ணைப் பிள்ளைகள் வேன் அக்கா என்பார்கள். அவளுக்கு ஒரே மகள், செல்லப் பெயர் குருவி. பிறந்த இரண்டாம் மாதமே தலையில் நீர் கோத்துக்கொண்டது. அது வடிய, தலையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் மெல்லிய குழாய் வைத்தார்கள். குழாய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று கேட்ட நாளிலிருந்து அவள் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

அன்று காலை ட்ரிப் முடித்து வீட்டுக்கு வந்தால், ஆறு வயதுக் குருவி இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். புருஷன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வகுப்புல பாதிப் பேருக்கு வயிறு சரியில்லையாம். இவளுக்கும் ஒட்டிக்கிச்சு. நீ கண்டதை நினைக்காத."

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். தலை வாரினால் ஊரைக் கூட்டுகிறவள், சிக்கில் சீப்பு மாட்டியும் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவசரப் பிரிவில் இருந்தவர் சின்ன வயசு டாக்டர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பழைய ஃபைலைப் புரட்டினார்.

"வயித்துல கிருமிதாம்மா. மூணு மாசம் முன்னாடி எடுத்த ஸ்கேன் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் வாந்தி நிக்கலைன்னா கூட்டிட்டு வாங்க."

"சரிங்க" என்று வெளியே வந்துவிட்டாள். கேட்டை நெருங்கும்போது தோளில் கிடந்த பிள்ளையைக் கூப்பிட்டாள். "ம்" என்றது. மறுபடி கூப்பிட்டாள். அதுவும் இல்லை.

"வீட்ல போய்த் தூங்கட்டுமே" என்றான் புருஷன்.

"நீ வேணா போ. நான் வரல."

திரும்பி விறுவிறுவென்று உள்ளே போனாள். டாக்டர் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நகரவில்லை.

"வயித்துப்போக்கு ஒரு தடவைகூட இல்ல டாக்டர். எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குறா. படிச்சவர் நீங்கதான், ஆனா இவளை ஆறு வருஷமா நான்தான் பாக்குறேன். ஒரு ஸ்கேன் எடுங்க. ஒண்ணுமில்லைன்னா என்னைத் திட்டிக்கங்க."

அவர் முகம் சுளித்தார். ஆனாலும் எழுந்து வந்து, பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். உடனே போனை எடுத்தார்.

குழாய் அடைத்திருந்தது. மத்தியானமே ஆபரேஷன்.

வராந்தாவில் அவள் நடந்துகொண்டே இருந்தாள். மாலை ட்ரிப்புக்கு வேறொரு டிரைவரை ஏற்பாடு செய்தாள். எந்தப் பிள்ளை எங்கே இறங்கும் என்று சொல்லிவிட்டு, அதையே மறுபடி போன் போட்டுச் சொன்னாள்.

"வீட்டுக்குப் போகலாம்னு சொன்னேனே" என்றான் புருஷன், குனிந்த தலை நிமிராமல்.

"நானும்தான் கேட் வரைக்கும் போனேன்."

மூன்றாம் நாள் குருவி எழுந்து உட்கார்ந்து, கஞ்சி வேண்டாம் என்று அடம்பிடித்தாள். பார்க்க வந்த அந்த டாக்டர், அம்மாக்காரி பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நான் இன்னும் கேட்டிருக்கணும். இனிமே சந்தேகம் வந்தா வெளியே போகாதீங்கம்மா. இங்கயே உக்காந்து சண்டை போடுங்க."

இரண்டு மாதம் கழித்து, வாந்தி என்று குருவியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அந்தத் தடவை நிஜமாகவே வயிற்றுக் கோளாறுதான். யாரும் திட்டவில்லை. ஆனாலும் வீடு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் வேனை ஓரங்கட்டி, பின்சீட்டில் தூங்கும் பிள்ளையை எழுப்பிப் பேச வைத்தாள்.